எஃபி எறிந்த பூமராங்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ என்கிற ஊரில் எஃபி ட்ரெகியருக்கு இது பட்டப்பகலில் நடந்தது. 1917, அக்டோபர் 4, வியாழக்கிழமை.

எஃபியின் அண்ணன்கள் இருவரும் உலகப்போரில், துருக்கியின் கலிப்போலிச் சண்டையில் செத்துப்போனார்கள். "நான் போகமாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்த பெர்ஸி, அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டான். கப்பலேறும் அன்று, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு தங்க ப்ரூச்சை நீட்டினான். வளைந்த பூமராங், நடுவில் குட்டியாக ஒரு குதிரை லாடம்.

"பூமராங் திரும்பி வரும்ல? லாடம் அதிர்ஷ்டம். நீ இதைக் குத்திக்கிட்டிருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆளைக் கேட்டா தகரத்தைக் குடுக்கிறே" என்றாள் எஃபி.

ஆனாலும் தினமும் சட்டையில் குத்திக்கொண்டாள். கோபம் மட்டும் ஆறவே இல்லை.

அன்று அவள் சமையலறையில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரம் நான்கு அடித்தது. பத்து நிமிடம் போயிருக்கும்.

கிரீச்... பின்பக்கத்துக் கேட்.

சரளைக்கல்லில் பூட்ஸ் சத்தம். சரக்... சரக்...

வீட்டு நாய் குரைக்கவில்லை. மேஜைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

கதவருகே பெர்ஸி நின்றான். இடுப்புவரை சேறு. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே சுள்ளென்று வெயில்.

சொட்டிய தண்ணீர் தரையை நனைக்கவில்லை. எஃபி அதைப் பார்த்தாள். ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"வந்துட்டியா? ஒரு கடுதாசி போடத் தெரியாதா உனக்கு?"

அவன் பார்வை ப்ரூச்சிலேயே இருந்தது.

"கழட்டாத, எஃபி..."

"இதைச் சொல்லத்தான் வந்தியா? எங்க அண்ணனுங்க செத்தது பத்தாதுன்னு நீயும் போனே! எடுத்துட்டுப் போ உன் அதிர்ஷ்டத்தை!"

பிய்த்து எறிந்தாள். அது அவன் கன்னத்தில் பட்டது.

கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கதவருகே யாருமில்லை...

"யார்கிட்டடி கத்துறே?" அம்மா ஓடி வந்தாள்.

வீடு முழுக்கத் தேடினார்கள். ப்ரூச் கிடைக்கவேயில்லை. மூன்றாவது வாரம் பாதிரியார் சாவுச் செய்தியோடு வந்தார்.

மறுவருடம், பெர்ஸியோடு ஒரே படையில் இருந்த மெக்கே ஒற்றைக் கையோடு ஊர் திரும்பினான். எஃபியைத் தேடி வந்தான்.

"பெல்ஜியத்துல, அக்டோபர் நாலு. விடியக்காலை ஆறு பத்து."

அங்கே ஆறு பத்து என்றால் பெண்டிகோவில் மாலை நான்கு பத்து.

"குண்டு விழுந்த பள்ளத்துல நாங்க பத்திரமாத்தான் பதுங்கியிருந்தோம். திடீர்னு கன்னத்தைப் பொத்திக்கிட்டான். 'எஃபி கத்துறா'ன்னான்..."

"அப்புறம்?"

"எழுந்து நின்னுட்டான், எஃபி."