மஞ்சள் தண்ணீர் குடித்த பெட்டி

என் கல்யாணச் சீரில் கார்தான் பெரிது. தொண்ணூறுகளின் கடைசி. வெளிநாட்டுக் கம்பெனி வண்டிகள் அப்போதுதான் கோயமுத்தூர் ரோட்டில் கண்ணில் பட ஆரம்பித்திருந்தன. காங்கேயத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் காடு வைத்து விவசாயம் பார்த்த என் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு கதவைப் பூட்டினால் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட, அந்த வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினார். போகிற இடத்தில் மகள் தலை நிமிர்ந்து இருக்க வேண்டுமாம். நான் நிமிர்ந்து நின்ற லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

மாமனார் கோயமுத்தூர் கணபதியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு அவசியமும் கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுக்கொண்டே ஒரு ஆளைக் கூனிக்குறுக வைத்துவிடலாம். என் வீட்டுக்காரர் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். தன் அப்பா எதிரில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையையே கழுவி விட்டார்கள். லேத், டிரில்லிங் மெஷின், காயில் சுற்றுகிற மெஷின் எல்லாம் குளித்து விபூதி பூசிக்கொண்டு நின்றன. மாமனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினுக்கும் வெளியில் மட்டும் தெளித்தால் போதாது, சுவிட்ச் இருக்கிற இடத்தில் ஒரு கை மஞ்சள் தண்ணீர் விட்டால்தான் வருஷம் பூராவும் மக்கர் பண்ணாமல் ஓடும் என்பார். பட்டறை மெஷின்கள் இதையெல்லாம் தாங்கும். அடுத்து கார். முதலில் ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு மிதியடியோடு சேர்த்துக் கழுவினார்கள். பிறகு மாமனார் மண்டி போட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் வயர்கள் போகிற இடத்தில், சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைப் பக்தியோடு ஊற்றினார்.

பொரி கடலைத் தட்டோடு நின்றிருந்த நான், “உள்ள தண்ணி வேண்டாமுங்க மாமா” என்றேன்.

“ஏஞ் சாமி, சக்கரைலயா செஞ்சிருக்குது, கரையறதுக்கு?” என்றார் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் வண்டிக்குப் பேய் பிடித்தது. வெயில் கொளுத்தும்போது வைப்பர் தானாக ஓடியது. கதவுகள் டக் டக்கென்று பூட்டித் திறந்தன. மாமியார் மத்தியானம் கண் அசருகிற நேரமாகப் பார்த்து ஹாரன் அலறியது. அன்று முதல் அது கார் இல்லை. “உங்கூட்டு வண்டி.” உங்கூட்டு வண்டி கத்துது பாரு. உங்கூட்டு வண்டி கதவு தொறக்க மாட்டேங்குது. கல்யாணமான புதிதில் அதே கார் “நம்ம வண்டி”யாக இருந்ததை நான் மறக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் மாமனார் காங்கேயத்துக்குப் போன் போடுவார். “சம்பந்தி, ஒண்ணுமில்லீங்க, உங்க வண்டி மறுபடியும் தகராறு பண்ணுதுங்க. உங்க காதுல ஒரு வார்த்த போட்டு வெக்கலாம்னுங்க.” அவ்வளவுதான் சொல்வார். அப்பா அடித்துப் பிடித்துப் பஸ் ஏறி வருவார். வெளுத்த சட்டை, கையில் ஒரு பை தேங்காய். வாசலில் நிற்கிற காரைச் சுற்றி வந்து, காலால் டயரை அமுக்கிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பிறகு மாமனார் முன்னால் நின்று, அந்தக் காரைத் தன் கையாலேயே செய்து அனுப்பியவர் மாதிரி மன்னிப்புக் கேட்பார். நான் காபி டம்ளரோடு நிற்பேன். மஞ்சள் தண்ணீர் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். சொன்ன பிறகு நான் அந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்?

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஃப்யூஸ், ரிலே எல்லாம் பார்த்தார். வைப்பர் மோட்டாரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார்; ஒழுங்காக ஓடியது. ஹாரனும் அப்படியே. “சாமானெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. இதுகளுக்கெல்லாம் உத்தரவு குடுக்கற பொட்டி ஒண்ணு ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்குதுங்க. அதுதான் உளறுது. என்னால அதத் தொட முடியாதுங்க” என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

மாமனார் தொட்டார். பெட்டியைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, “உள்ள ஈரம் கோத்திருக்குது” என்றார். ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கிணற்றில் முழுகிய மோட்டாரைக் கொண்டுவந்தால் எங்கள் பட்டறையில் என்ன செய்வார்கள்? பிரித்து, வார்னிஷ் காய வைக்கிற ஓவனில் போட்டுச் சுடுவார்கள். செத்துப்போன மோட்டார் மறுநாள் எழுந்து தண்ணீர் இறைக்கும். அந்த நம்பிக்கையில் பெட்டியையும் காயில்களோடு ஓவனில் வைத்துவிட்டார். பிளாஸ்டிக் கருகும் வாடை வீடு வரைக்கும் வந்தது. எடுத்துத் திரும்ப மாட்டியபோது வைப்பர் ஓடவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, விளக்குகூட எரியவில்லை.

“இப்ப சத்தமாச்சும் நின்னுச்சு” என்றார் மாமியார். மாமனார் போனை எடுத்துக் காங்கேயத்துக்கு டயல் செய்தார்.

கடைசியில் கம்பெனி சர்வீஸிலிருந்து டை கட்டிய ஒரு ஆள் வந்தார். அதற்குப் பெயர் பாடி கண்ட்ரோல் மாட்யூல், ரிப்பேர் கிடையாது, மாற்றத்தான் வேண்டும், சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார். பல வாரம் கார் வாசலில் பிணம் போலக் கிடந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “சம்பந்தியூட்டுச் சீருங்க” என்று மாமியார் அறிமுகப்படுத்தி வைத்தார்.

புதுப் பெட்டி வந்த அன்றைக்கு அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். டை கட்டிய ஆள் பேட்டரி வயரைக் கழற்றினார், பழையதை எடுத்தார், புதியதை மாட்டினார். கையோடு கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரைச் செருகி, இந்த வண்டி, இந்தச் சாவி என்று புதுப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். டக். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டின. அப்பா கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

அந்த ஆள் சும்மா இருந்திருக்கலாம். பழைய பெட்டியின் மூடியை நெம்பித் திறந்து எல்லாருக்கும் காட்டினார். பிளாஸ்டிக் நெளிந்து தொங்கியது. அதன் நடுவில் மஞ்சளாகக் கறை படிந்து காய்ந்திருந்தது.

“தண்ணி எறங்கியிருக்குதுங்க. அது போதாதுன்னு யாரோ சூடு வேற காட்டியிருக்காங்க. வண்டி மேல தப்பே இல்லீங்க.”

உண்மை வெளியே வந்துவிட்டது, இனி நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். மாமனார் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார். என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என்னைப் பார்த்தார். அப்பா குனிந்து பெட்டியைப் பார்த்தார். மஞ்சள் விளைவித்த மனிதர். அந்தக் கறையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் கண் தானாகப் பட்டறைப் பக்கம் போய் வந்தது.

“அட, நாந்தானுங்க!” என்றார் அப்பா. “இங்க அனுப்பறதுக்கு முன்னால வண்டிக்குப் பூச போட்டனுங்க. வெவரம் பத்தாம உள்ளயும் மஞ்சத் தண்ணிய ஊத்திப்போட்டனுங்க. அப்புறம் களத்துலயே நிறுத்தி வெச்சிருந்தமுங்க. எங்க காங்கயத்து வெயிலுதான் உங்களுக்குத் தெரியுமேங்க.”

எந்த ஊர் வெயிலும் பிளாஸ்டிக்கை அப்படி உருக்காது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

மாமனார் அப்பாவின் தோளைத் தட்டினார். “பரவால்லீங்க சம்பந்தி. தெரியாமச் செய்யறதுதானுங்களே. மனசுல வெச்சுக்காதீங்க.” மன்னித்துவிட்டார்! கருகிய வாடையை மோந்த அதே மூக்கை வைத்துக்கொண்டு, என் அப்பாவை மன்னித்துவிட்டார்.

வண்டி ஓடுகிறதா என்று பார்க்க, அப்படியே கோயிலுக்கு ஒரு நடை போய்வருவதாகச் சொல்லி மாமனாரும் மாமியாரும் ஏறிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டினார். அப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா காபி குடித்துவிட்டுக் கிளம்பியபோது, டவுன் பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் கூட நடந்தேன்.

“ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?”

“நா பஸ்ஸேறிப் போயிருவேன் கண்ணு. நீ இங்க இருக்கோணுமல்ல.”

அழுதால் அவர் தாங்க மாட்டார் என்று ரோட்டையே பார்த்தபடி நடந்தேன். எதிரிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் கார்தான், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்பா சட்டென்று என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, தானும் ஒதுங்கி வழி விட்டார். வண்டி நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனது.

அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா சொன்னார், “ஹாரன் இப்பச் சுத்தமா அடிக்குது பாரு கண்ணு.”