விட்டுவிடச் சொன்ன வார்த்தை

பதினோரு வருடமாக அவள், தமிழ் பேசாத அந்த ஊரின் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் பக்கத்தில் போய் நிற்பாள். அவர்கள் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்பாள். கெட்ட வார்த்தையைக்கூட விடமாட்டாள். ஒருமுறை நீதிபதியைப் பற்றி ஒருவர் முணுமுணுத்ததை, காது சிவக்க, நீதிபதியிடமே சொல்லவேண்டி வந்தது. கூட்டாமல், குறைக்காமல், மாற்றாமல் சொல்வேன் என்பது வேலையில் சேர்ந்தபோது அவள் எடுத்த உறுதிமொழி.

அன்றைய வழக்கு பேக்கரியில் மாவு பிசைபவன் மீது. கூட வேலை செய்தவன் பின்வாசல் படியில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே தள்ளினானா, தற்செயலாகக் கை பட்டதா என்பதுதான் கேள்வி.

“கோபத்துலதான் தள்ளினேன். ஆனா விழுவான்னு நினைக்கலை” என்றான் அவன். சொன்ன மறுகணமே முகம் வெளுத்தது. அவள் வாய் திறப்பதற்குள் குனிந்து, “அக்கா, கோபம்னு சொன்னதை மட்டும் விட்டுடுங்க. கை பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்றான்.

அங்கே தமிழ் தெரிந்த இன்னொருத்தி, பின்வரிசையில் இருந்த அவன் மனைவி மட்டும்தான்.

“என்ன சொன்னார்?” என்றார் நீதிபதி.

அவள் முதலில் கோபத்தைச் சொன்னாள். பிறகு அவன் கெஞ்சியதையும் சொன்னாள். ‘அக்கா’வைக்கூட விடவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல்கள் நின்றன. அவனுடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் சிறை.

வராந்தாவில் அவன் மனைவி வழிமறித்தாள். “நீங்களும் எங்க பாஷைதானே பேசுறீங்க? ஒரே ஒரு வார்த்தை. அதை விட்டிருந்தா உங்க குடியா முழுகியிருக்கும்?”

இவள் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். வீட்டில், பஸ் ஓட்டும் கணவரும் அதையேதான் கேட்டார்: “பாவம், ஒரு குடும்பம் தப்பிச்சிருக்குமே?”

“தப்பிச்சிருக்கும். ஆனா இடுப்பு ஒடிஞ்சவனும் தமிழ்தான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அவன் சொன்னதையும் நான்தான் சொன்னேன். அவனுக்கும் நான் அக்காதானே? ஆளைப் பாத்து இரக்கப்பட்டு, என் மாதிரி ஒவ்வொருத்தரும் மாத்திக்கிட்டே இருந்தா, நாங்க சொல்றதை அப்புறம் யாரு நம்புவா?”

“சரிதான். உன்கிட்ட நான் ரகசியமே சொல்லக்கூடாது” என்று சிரித்துவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

செய்ததில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. நிம்மதியும் இல்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன, பல மாதங்களுக்கு.

மறு வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து, மொழிபெயர்க்க வரச்சொல்லி அழைப்பு வந்தது. நோயாளியின் வீட்டார் குறிப்பாக அவளையே கேட்டார்களாம். கண் சிகிச்சைப் பிரிவின் வாசலில் மாவு பிசைபவன் நின்றிருந்தான். உள்ளே, கட்டிலில், அவன் மனைவி. வலது கண்ணில் கட்டு. இவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்னையா கேட்டீங்க?”

“ஆமாக்கா. போன தடவை வந்தவர், டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசினதை ‘எல்லாம் சரியாயிடும்’னு முடிச்சுட்டார். நல்ல மனுஷன்தான், மனசு கேக்காமச் சொல்லியிருப்பார். எங்களுக்கு முழுசாத் தெரியணும்.”

“என் மேல கோபம் இல்லையா?”

“இருந்துச்சு. உள்ள இருந்தப்போ நிறைய.” கட்டிலருகே அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

டாக்டர் வந்தார். வலது கண்ணுக்கு இனிப் பார்வை வராது. இந்த வாரமே அறுவை சிகிச்சை செய்தால் இடது கண் தப்பும். அவர் சொன்ன இரண்டையும் இவள் ஒரே குரலில் தமிழில் சொன்னாள்.

கட்டிலில் இருந்தவள் மெல்லத் திரும்பினாள்.

“வலது கண்ணு வரவே வராதா? நீங்களாச் சொல்றீங்களா, டாக்டரே சொன்னாரா?”

“டாக்டர் சொன்னதைத்தாம்மா சொல்றேன்.”

அவள் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. இடது கண் தப்பியது. நன்றி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கும், இவளையே அனுப்பச் சொல்லிக் கேட்கும்படி கணவனிடம் சொன்னாள்.