இருபத்தாறு டிகிரி

எந்தக் கதவைக் கடந்தாலும் மாமா ஒரு கணம் நிற்பார். வலது கட்டைவிரலை மேல் கீலில் வைத்து, திருகாணித் தலையின் பள்ளத்தை நகத்தால் தடவுவார். பெயிண்ட் அந்தப் பள்ளத்தில் உறைந்து கிடக்கிறதா, உடைந்து உதிர்கிறதா என்று பார்ப்பார். பிறகு குனிந்து கீழ்க் கீல். அதன் பிறகுதான் உள்ளே கால் வைப்பார். வங்கி, பல் டாக்டர், எங்கள் வீடு, எங்கே போனாலும் இதுதான். பின்னால் வருகிறவர்கள் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"என்ன சார், கதவுக்கு நாடி பார்க்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். மாமா சிரிக்கவில்லை. வழிவிட்டார், அவ்வளவுதான்.

அவர் மனைவி, என் அக்கா, போன பிறகு வந்த பழக்கம் இது. துக்கத்தில் ஒருத்தர் தாடி வளர்க்கிறார், ஒருத்தர் பேச்சை விட்டுவிடுகிறார், இவர் கீலைத் தடவுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா இருந்தபோது அவருக்கு வேறு பழக்கம். சட்டைப்பையில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்று எப்போதும் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கூரையில் ஏசி காற்று வருகிற துவாரத்தைத் தேடி அந்தக் கீற்றைத் தூக்கிப் பிடிப்பார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால், மண்டபத்தின் மூலையில் நாற்காலி மேல் ஏறி நின்று காகிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் காத்தே வரல, பொண்ணுக்கு வேர்க்குது பாருங்க" என்றார். அக்கா அதைக் கடைசிவரை சொல்லிச் சிரித்தாள். "அப்பவே ஓடியிருக்கணும். தலையில பூவோட உட்கார்ந்திருந்தேன், ஓட முடியல."

பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை. கட்டடம் முழுக்கச் சூட்டையும் குளிரையும் அளவாக வைத்திருக்கிற கருவிகளைப் பராமரிப்பது. என்ன வேலை என்று யாராவது அவரைக் கேட்டால் அவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் அக்கா முந்திக்கொள்வாள்: "கட்டடத்துக்குக் காய்ச்சல் பார்க்கிற டாக்டர்." கூடவே ஒரு குத்து: "ஊரையே குளிர வைக்கிறாரு. வீட்டுல ஃபேன் கிரீச் கிரீச்னு கத்துது, அதுக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கல."

அவருடைய இடம் தரைக்குக் கீழே. ஒருபக்கம் பாய்லர்கள், மறுபக்கம் குளிர்விக்கிற இயந்திரங்கள், நடுவில் கண்ணாடி அடைத்த சின்ன அறை, அதில் ஒரு திரை. மருத்துவமனையின் ஒவ்வொரு அறைக்கும் அந்தத் திரையில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் அறை எண், அதன் கீழே இப்போதைய டிகிரி. ஒரு தடவை எனக்குக் காட்டினார். குளிர்ந்த காற்று எல்லா அறைக்கும் ஒன்றுபோலத்தான் வருமாம். அறைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வெந்நீர்க் குழாய் அதைச் சூடாக்கும். குழாயில் ஒரு வால்வு. எத்தனை டிகிரி வேண்டுமென்று இங்கே அடித்தால் வால்வு அதற்கேற்பத் திறக்கும், மூடும்.

"அப்ப ஓடிப் போய்ப் பார்க்க வேண்டாமா மாமா?"

"பார்த்தா ஏமாந்துடுவோம் மச்சான். பாய்லர் பக்கத்துல நின்னுட்டுப் போறவனுக்கு எந்த ரூமும் குளிர்தான். நம்ம தோல் பொய் சொல்லும். சென்சார் சொல்லாது."

அக்காவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. அதே மருத்துவமனையில்தான் சேர்த்தோம். பழைய ரத்தத்தை ஒழித்துவிட்டுப் புதுசாக ஊற வைக்கிற சிகிச்சை என்றார்கள். ஊறுகிறவரை சாதாரண ஜலதோஷம்கூட அவளைக் கொன்றுவிடும் என்பதால் தனி அறையில் வைத்தார்கள்.

அந்தப் பகுதியில் இரண்டே அறைகள். குட்டையான ஒரு நடையில் எதிரும் புதிருமாக ஒரே மாதிரி இரண்டு கதவுகள், புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகாதவை. கதவில் முகத்தளவு கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் பித்தளையில் எண். அக்காவுக்கு ஒன்றாம் அறை. எங்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், பக்கத்துச் சுவரில் இருக்கிற போனில் பேசலாம். மாமாவுக்கும் அதே சட்டம். அங்கே ஏதாவது பழுது என்றால்கூட அறைகளுக்கு மேலே தவழ்ந்து போகிற இருட்டுத் தளத்திலிருந்துதான் சரிசெய்ய வேண்டும். கருவிப் பை நடைக்குள்ளேயே வரக் கூடாது.

முதல் சில நாள் மாமா கண்ணாடிமுன் சும்மா நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாத மனிதர் மாதிரி நின்றார். பிறகு ஒரு காலையில் அக்கா போனை எடுத்து, "ஏங்க, ரொம்பக் குளிருதுங்க" என்றாள்.

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இவ்வளவுதானே! இது என் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிப் படிக்கட்டை நோக்கி ஓடினார். லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இருபத்திரண்டை இருபத்துநான்கு ஆக்கினார். திரையில் எண் மெல்ல ஏறுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். "ஏறிடுச்சு. மத்தியானத்துக்குள்ள தெரியும் உனக்கு."

மத்தியானம் அவள் இன்னொரு போர்வை கேட்டாள்.

எதிர் அறையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவருடைய குரலுக்குப் போன் தேவையில்லை, கண்ணாடியைத் தாண்டி வரும். "ரூமாடா இது, இன்ஜின் பானட்டு! கோழியை வச்சா முட்டை பொரிச்சிடும்!" என்று மகனைத் திட்டுவார். ஹெட் நர்ஸ் கீழே மாமாவுக்குப் போன் செய்வார்: "ரெண்டாம் ரூம் பெரியவர் கத்துறார், கொஞ்சம் குறைச்சு விடுங்க." மாமா குறைப்பார். பெரியவர் மறுபடி கத்துவார். இன்னும் குறைப்பார். இரண்டாம் அறை பதினெட்டுக்கு வந்துவிட்டது. ஒன்றாம் அறைக்கு விதிப்படி இருபத்துநான்குக்கு மேல் போகக் கூடாது, மாமா இருபத்தாறு வைத்திருந்தார்.

அக்காவுக்குக் குளிர் கூடிக்கொண்டேதான் போனது.

"நோயாளிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர். உள்ளே போய்வருகிற நர்ஸ்கள் தலை முதல் கால்வரை இரண்டு அடுக்கு உறை போட்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டால், "எங்களுக்கு எந்த ரூம்லயும் வேர்த்துதான் ஊத்துது" என்றார்கள். கண்டக்டரின் மகன் தினமும் என்னோடு நடையில் நிற்கிற பையன். ஒரு நாள் அவன் மாமாவிடம், "சார், எங்கப்பாவையும் அக்காவையும் ஆள் மாத்திப் படுக்க வச்சிட்டா ரெண்டு பேருக்கும் சரியாயிடும்" என்றான். மாமாகூடச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மாமா இருட்டுத் தளத்தில் தவழ்ந்து போய் ஒன்றாம் எண் அட்டை தொங்கிய வால்வைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வால்வு மாட்டினார். வடிகட்டியை மாற்றினார். முழங்கை இரண்டும் தோல் உரிந்து வந்து நின்றார். மேலாளர் கூப்பிட்டு, விதியை மீறி எண்ணை ஏற்றி வைத்திருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். "போகட்டும் சார், அதை மட்டும் இறக்கச் சொல்லாதீங்க" என்றாராம். மேலாளர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாள் சண்டையே வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அக்காவின் குரல் போனுக்குள்ளிருந்து கம்பி மாதிரி கேட்டது.

"குளிருதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க."

"நம்பறேன்மா. ஆனா ரூம் இருபத்தாறுல இருக்கு. நான் இப்பப் பார்த்துட்டுத்தான் வரேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீ சொல்லல. உன் உடம்பு சொல்லுது."

அக்கா, "சரி. திரைக்கே சமைச்சுப் போடச் சொல்லுங்க இனிமே" என்று போனை வைத்தாள். வேடிக்கையாகச் சொன்ன மாதிரிதான் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அவள் முழங்கால் வயிற்றைத் தொட்டிருந்தது. மாமா போனை மாட்டாமல் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவர் கீழே திரைமுன்னாலேயே கிடந்தார். சாப்பாடு கொண்டுபோனால் திறக்காமலே திரும்பி வரும். "மச்சான், அவளைத் தொட எனக்கு இருக்கிற ஒரே வழி இதுதான்டா" என்றார் என்னிடம். "அதுவும் அவளுக்குப் போய்ச் சேரல." திரையில் ஒன்றாம் அறைக் கட்டம் பச்சையாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது.

கடைசி நாட்களில் அக்கா மாறினாள். மாமா போனை எடுத்ததும் அவளே முந்திக்கொண்டு, "இப்பப் பரவாயில்லைங்க. நல்லா கதகதன்னு இருக்கு" என்றாள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி. "வந்துடுச்சு பார்த்தியா!" நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கியிருந்த அக்கா, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகி வைத்திருந்தாள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியும் எண்ணை இன்னும் எங்கே ஏற்றுவார்?

ஒரு காலையில் அக்கா இறந்துபோனாள். புது ரத்தம் ஊறவில்லை, கிருமி முந்திக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். இனி யாரும் உள்ளே போகலாம் என்பதால் மாமாவை விட்டார்கள். கொஞ்ச நேரம் தனியாக இருந்தார். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். மாமா வெளியே வந்தபோது அழுத முகமாக இல்லை. எதையோ கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

அன்றே எல்லாம் முடிந்தது. சாயங்காலம் சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்திருக்க, மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். பெரியப்பா என் காதில், "பொண்டாட்டி போன அன்னைக்கே டியூட்டியா? கல்லுடா இவன்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அம்மா சாப்பிடவில்லை, படுக்கவில்லை. ஒரே கேள்வியைச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "குளிருது குளிருதுன்னு சொன்னாளே. என் பொண்ணு குளிர்லயேவா போனா?" மறுநாள் அதை மாமாவிடமே நேராகக் கேட்டுவிட்டாள். மாமா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இல்ல அத்தை. ரூம் இருபத்தாறு டிகிரில இருந்துச்சு. நானேதான் வச்சேன். அவளுக்குக் காய்ச்சல், அதனால அப்படித் தோணிருக்கு. குளிர்ல போகல அவ."

"நிஜமா மாப்பிள்ளை?"

"நிஜமா அத்தை. இருபத்தாறு."

அம்மா அன்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லத் தொடங்கினாள். இன்றுவரை சொல்கிறாள். "மத்ததெல்லாம் விடுங்க, என் பொண்ணைக் குளிர்ல விடல என் மாப்பிள்ளை." மாமா பக்கத்தில் இருந்தால் எழுந்து போய்விடுவார். கொஞ்ச நாளில் அந்த வேலையையும் விட்டார். இப்போது ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்தில் இருக்கிறார். சூடும் குளிரும் அங்கே வானம் கொடுப்பதுதான்.

போன மாதம் அம்மாவின் கண்ணைக் காட்ட அதே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டாக்டர் அறை வாசலில் தச்சர் ஒருவர் கதவைச் சீவிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போனாள், நான் காத்திருந்தேன். மாமாவை இத்தனை நாள் பார்த்த தோஷமோ என்னவோ, என் கட்டைவிரல் தானாகக் கீலில் போய் நின்றது.

தச்சர் நிமிர்ந்து சிரித்தார். "திருகாணில பெயிண்ட் உடைஞ்சிருந்தா கதவைக் கழட்டியிருக்காங்கன்னு அர்த்தம். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒருத்தர் இங்க இருந்தார் தம்பி. கீழே ஏசி, ஹீட்டர் எல்லாம் பார்த்துக்கிட்டவர்."

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"மேல ரெண்டு தனி ரூம் இருக்கு, எதிரெதிரா. பெயிண்டர் பய ரெண்டு கதவையும் கழட்டிப் பெயிண்ட் அடிச்சிட்டு, மாட்டும்போது இதை அங்கேயும் அதை இங்கேயும் மாட்டிட்டான். நம்பர் கதவுலதானே இருக்கு? ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. எவனுக்கும் தெரியல. இவர் கம்ப்யூட்டர்ல மட்டும் பழைய நம்பர். ஒண்ணுக்குச் சூடு வச்சா எதிர் ரூமுக்குப் போகுது. எதிர் ரூம்காரர் வேகுதுன்னு சொன்னதும் ரெண்டைக் குறைக்கிறார், அது ஒண்ணுல இருக்கிறவங்க தலையில குளிரா இறங்குது. எத்தனை நாளோ பாவம்." உளியைக் கீழே வைத்தார். குரலை இறக்கினார். "அதுல இருந்தது யாருங்கறீங்க? அவர் சம்சாரம்."

"எப்போ கண்டுபிடிச்சார்?" என்று கேட்டேன்.

"அந்தம்மா தவறின அன்னைக்குத்தான். அன்னைக்குக் காலைல முதல் தடவையா உள்ள விட்டிருக்காங்க. சாயங்காலம் வந்து என்னைக் கூப்பிட்டார். எதிர் ரூம் பெரியவரையும் மத்தியானமே வார்டுக்கு மாத்திட்டாங்க, ரெண்டும் காலி. நம்பரை மட்டும் கழட்டி மாத்தினாப் போதும் சார்னேன். கேக்கல. கதவையே கழட்டணும்னார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சு ரெண்டையும் மாத்தி மாட்டினோம். முடிச்சதும் ரொம்ப நேரம் அந்தக் கீலைத் தடவிக்கிட்டே நின்னார். வீட்ல வயசானவங்க இருக்காங்க, இது வெளிய போகக் கூடாதுன்னு மட்டும் சொன்னார்."

அம்மா அவரிடம் கேட்டதும், அவர் தரையில் உட்கார்ந்து இருபத்தாறு என்று சொன்னதும், அதற்கு மறுநாள்.