பத்மநாபனின் ஐந்து ஏன்

என் வீட்டுக்காரர் பத்மநாபன் மராத்தி பேசும் தளேகாவ் ஊரில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி சூப்பர்வைசர். இருபத்தேழு வருடமாக அவருக்கு வேலை ஒன்றுதான். ஒரு சாமான் பழுதானால் ‘ஏன்’ என்று கேட்பார். வந்த பதிலுக்கும் ஒரு ‘ஏன்’. இப்படி ஐந்து தடவை கேட்டால் மூல காரணம் அகப்பட்டுவிடுமாம். அங்கே கேட்டுவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? பக்கத்து ஊர் நிக்டியில் எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். சாம்பாரில் உப்பு கூடினால் மற்ற ஆண்கள் முகம் சுளிப்பார்கள். இவர் பேனா எடுப்பார்.

என் தங்கை ஷீலா தூரத்தில் விஷ்ராந்த்வாடியில் இருக்கிறாள். போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்தபோது, இவர் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்வரை ஐந்து மணி நேரம் பையோடு உட்கார்ந்திருந்தேன். ரிக்ஷாக்காரன் அந்த மழையில் வரமாட்டேன் என்றுவிட்டான். கார் கீழே சும்மா நின்றது. ஐம்பத்திரண்டு வயதானால் என்ன, நானே ஓட்டப் பழகிக்கொள்வது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். முதல் முறை மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. அடுத்த முறை சீட்பெல்ட் போட மறந்தேன். மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. எல்.எல்.ஆர். மறுநாளோடு காலாவதி. விட்டால் எல்லாம் பழையபடி முதலிலிருந்து.

அன்று காலை ஒன்பதரைக்கு அவர் சாவியைத் திருகினார். கர்ர் கர்ர் என்று எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். அதேதான்.

“ஏன் ஸ்டார்ட் ஆகலை?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

“ஏங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.”

“அவன் பார்ட்டை மாத்துவான். காரணத்தைக் கண்டுபிடிக்க மாட்டான்.”

பேட்டரியா? விளக்கு பளிச்சென்று எரிந்தது, எஞ்சினும் வேகமாகத்தான் சுற்றியது. பெட்ரோலா? நேற்றுதான் போட்டது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தன. எதிர்வீட்டு மரியஜோசப் பல் துலக்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

“எலி ஒயரைக் கடிச்சிருக்கும் சார்.”

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு ஆம்பிளைகளும் கால் மணி நேரம் எலி தேடினார்கள். மணி பத்தேகால் ஆகிவிட்டது.

“உங்க ஏன்ல இடி விழ!” என்று கத்திவிட்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அழுகை முட்டியது. கை சும்மா இருக்காமல் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கையேடு கிடந்தது. பிரித்தேன். சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கினால், வண்டிக்குச் சாவியை அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம்; எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது; சாவியை ஒட்டி வேறு உலோகம் இருக்கக்கூடாது என்று போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அந்த விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சாவியின் தலையைச் சுற்றி ஒரு செப்புத் தகடு, அதன்மேல் மஞ்சள் கயிறு. நேற்றுவரை இல்லாதது.

“இது என்னங்க?”

“சாமி பாதத்துல வெச்ச தகடு. நேத்து சாயங்காலம் நான்தான் சுத்தினேன்.”

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி!

“ஏன்?” என்றேன்.

“டெஸ்ட்டாச்சே, ஒரு பாதுகாப்புக்கு.”

“ஏன்? எனக்கு ஓட்டத் தெரியாதா?”

“தெரியும். நல்லாவே ஓட்டுற.”

“அப்புறம் ஏன்?”

மரியஜோசப் வாயில் நுரையோடு அப்படியே நின்றார். இவர் பானெட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீ தனியா போக ஆரம்பிச்சா, திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். எனக்கு அது பழக்கமில்ல கிரிஜா. பயமா இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து நான் செய்துவரும் வேலை அது. கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

தகட்டைப் பிரித்துக் கண்ணில் ஒற்றி அவர் சட்டைப்பையில் போட்டேன். “பயப்படுறவங்ககிட்டயே இருக்கட்டும்.” சாவியைத் திருகினேன். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. “அரே வா!” என்று மரியஜோசப் என் புடவையில் நுரை தெறிக்கக் கத்தினார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். சீட்பெல்ட் போட்டதை மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மேட்டில் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பாஸ்!

லைசென்ஸ் அட்டை தபாலில் வந்த அன்றே தனியாக விஷ்ராந்த்வாடிக்குக் கிளம்பினேன். வழியில் நாலு பேர் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். கதவைத் திறந்த ஷீலா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“மாமா எங்கக்கா? வண்டி நிறுத்துறாரா?”

“இல்லடி. வீட்ல காத்துக்கிட்டு இருக்கார்.”