வட்டத்தில் ஒரு வெட்டு

சவரி சார் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. வில்லியனூர்க் கல்லறையில் அடக்கம் முடிந்து மூன்றாவது நாள் அது. "ஏம்மா, மூணு நாள் கழிச்சா சொல்லுவாங்க?" என்று அந்தப் பெண்ணை அதட்டிவிட்டேன். "அப்பா நோட்டுல உங்க ஆபீஸ் பேரு மட்டும்தான் இருந்துச்சு. நம்பர் தேடிப் புடிச்சுதான் பண்றேன்" என்று அழுதாள். அழுகை நிஜம்தான். ஆனாலும் போனை வைத்துவிட்டு, சார் நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். அதே பெண்தான் எடுத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என்னை இப்படிச் சந்தேகப் பிராணியாக்கியதில் பாதிப் பங்கு அவருக்கு. மீதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. முத்திரை சேகரிக்கும் நண்பர்கள் நீங்கள் என்னையும் நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். உங்களுக்கு அவர், பிரெஞ்சுக்காரன் காலத்துத் தபால்களையும் மூடிப்போன கிராம அஞ்சலகங்களின் முத்திரைகளையும் அலைந்து அலைந்து சேர்த்த சவரிநாதன். எனக்கோ, செவ்வாய்க்கிழமை தோறும் பஸ்ஸில் வந்து இறங்குகிற தலைவலி. பாகூர்ப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டர் நான். ஒரு மேசை, ஓர் இரும்புப் பெட்டி, ஒரு தேதி முத்திரை. என் ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

முதல் நாள் வெள்ளைச் சட்டையும் துணிப்பையுமாக வந்தார். கையில் ஒரு போஸ்ட் கார்டு. அதில் தன் வில்லியனூர் விலாசத்தைத் தானே எழுதியிருந்தார். "என் கண்ணு முன்னால குத்தும்மா. அழுத்தாத, ஆட்டாத. வட்டம் முழுசா வுழணும்" என்றார். தனக்குத் தானே தபால் போட்டுக்கொள்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. குத்தினேன். பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரையைப் பார்த்தார், பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த செவ்வாயும் வந்தார். மூன்றாவது செவ்வாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன வாரத் தேதி போட்டு ஒண்ணு குத்திக் குடும்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பழைய தேதி போட்டு முத்திரை குத்தினால் வேலை போய்விடும். "யோவ் பெரியவரே, எழுந்திரிச்சிப் போறியா, ஊரக் கூப்புடட்டா?" என்று கத்தினேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "பாஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியா என்று சோதித்து முத்திரை போடுகிற துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வாங்க வந்தவர் மாதிரி நின்று கடைக்காரரைப் பிடிப்பதுதான் முப்பது வருஷமாக அவர் தொழில். அந்தப் புத்தியை என்னிடமும் காட்டியிருக்கிறார். தெரிந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. மேலிடம்தான் வேவு பார்க்க அனுப்பியிருக்கும் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் குடித்த டீக்குக்கூட அவரையே காசு கொடுக்க விட்டேன், நாளைக்கு லஞ்சம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று.

ஒரு செவ்வாய், டவுனிலிருந்து ஓர் ஆள் அவரைத் தேடிக்கொண்டு என் ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் பழுப்பேறிய ஒரு கவர். சைகோனிலிருந்து வில்லியனூருக்கு வந்த அந்தக் காலத்துத் தபாலாம். முத்திரை அழகாக இருந்தது, நானே வாயைப் பிளந்தேன். சவரி சார் முத்திரையைப் பார்க்கவே இல்லை. கவரை மூக்கருகே கொண்டுபோனார். "டீத் தண்ணில எத்தினி நேரம்பா ஊற வெச்ச?" என்றார். அந்த ஆள் எகிறினார். "பழைய காயிதம்னா ஓரம்தான் மொதல்ல கெடும். இதுல ஓரம் புதுசா கீது, நடுவுல கெட்டுக் கெடக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆள் போனதும் என்னிடம் சொன்னார்: "மனுஷன் வாய நம்பாதம்மா. முத்திரைய நம்பு. அதையும் பாத்துட்டு நம்பு."

இனிமேல் சொல்லப்போவது என் கதை. சொல்லத்தான் வேண்டும்.

ஓர் ஆடி மாதம், கை வழுக்கித் தேதி முத்திரை இரும்புப் பெட்டி மேல் விழுந்தது. வெளிவட்டத்தில் வலது பக்கம் அரிசி அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. விதிப்படி அன்றைக்கே மேலே எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். நான் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டு கம்பெனி வேலை நின்று வீட்டில் இருந்த நேரம், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எதையாவது எழுதப்போய் விசாரணை வந்துவிடுமோ என்று பயம். தினமும் காலையில் தேதி மாற்றியதும் பதிவேட்டில் ஒரு முத்திரை குத்திவைக்க வேண்டும் அல்லவா? அதில் அந்த வெட்டு தெரியாமல் கறுப்புப் பேனாவால் வட்டத்தை மூடிவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷத்துக்கும் மேல். தபால்களில் குத்தியது குத்தியபடி போயிற்று. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒருத்தர் பார்த்தார். அந்த வாரமே, "இன்னாம்மா, வட்டத்துல வெட்டு வுழுந்துகீது?" என்றார். "மை பத்தல சார்" என்றேன். "மையா? சரி, மை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிய பிறகுதான் ஒரு குத்தகைத் தகராறு வந்தது. எங்கள் ஊரில் கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு கவரைக் காட்டினார். குத்தகையை நீட்டிப்பதாக நிலத்துக்காரர் எழுதிய கடிதமாம். கவர் மேல் ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதியில் எங்கள் ஆபீஸ் முத்திரை. நிலத்துக்காரரோ, "நான் எழுதவே இல்ல, போஸ்டம்மா இப்ப குத்தி, பழைய தேதி போட்டுக் குடுத்துட்டாங்க" என்று என் மேல் மனு போட்டுவிட்டார்.

தபால் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, பேச்சில் மரியாதை இருந்தது. கவரில் இருந்த வட்டம் முழுசு. என் முத்திரையிலோ வெட்டு. "சார், இது என் முத்திரையே இல்ல, யாரோ செஞ்சது. அந்தத் தேதிக்கு முன்னாடியே என்னுது ஒடஞ்சிபோச்சு" என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்தார். எல்லா நாளும் முழு வட்டம். விரலை நனைத்து ஒன்றைத் தேய்த்தார். பேனா மை விரலில் ஒட்டியது. "மேடம், நீங்களே அழிச்சி வெச்சிருக்கீங்க. இது போன வாரம்கூட ஒடஞ்சிருக்கலாம். நான் எத நம்பறது?" என்றார். "உங்க முத்திரை தெளிவா வேற யார்கிட்ட இருக்கு?" என்று அடுத்துக் கேட்டார். யோசிக்கவே இல்லை, சவரி சார் பேரைச் சொன்னேன். அதோடு நின்றேனா? "அவரே செஞ்சிருப்பாரு சார், வாரா வாரம் வந்து வாங்கிட்டுப் போவாரு" என்றும் சொன்னேன். அவரிடம் இருக்கும் கார்டுகள்தான் என்னைக் காப்பாற்றப் போகின்றன என்பது என் மரமண்டையில் உறைக்கவே இல்லை.

கூப்பிட்ட அன்றைக்கே இரண்டு செருப்புப் பெட்டிகளோடு வந்தார். செவ்வாய் செவ்வாயாக அடுக்கிய கார்டுகள். ஒவ்வொன்றிலும் என் முத்திரை, மறுபக்கம் வில்லியனூரில் போய்ச் சேர்ந்த முத்திரை. அது என் கை படாதது. ஆடி மாதத்தில் ஒரு கார்டிலிருந்து வட்டத்தில் வெட்டு ஆரம்பித்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தார். இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்: "இன்று முதல் வெட்டு. மை பற்றவில்லை என்கிறாள். பொய்." எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அதற்குப் பிறகு வந்த கார்டுகளில் ஒன்றில்கூட முழு வட்டம் இல்லை. முழு வட்டத்தோடு இருந்த அந்தக் கவர் என் மேசையிலிருந்து போகவில்லை என்பது தெளிவாயிற்று.

"இந்தம்மா மேல உங்களுக்கு அவ்ளோ நம்பிக்கையா சார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நம்பிக்கையா? நம்பாததாலதான்பா வாரா வாரம் வந்தேன்!"

பதிவேட்டில் பேனா பிடித்ததற்காக எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு வந்தது. வேலை தப்பியது. புது முத்திரையும் வந்தது. அடுத்த செவ்வாய் அவர் வந்தபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. கார்டை நீட்டினார். "நீதான் என் பேர சொன்னன்னு தெரியும். உன் எடத்துல நான் இருந்தாலும் என் பேரத்தான் சொல்லியிருப்பேன். குத்து, பஸ்ஸு வந்துரும்" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "அழுத்தாத, ஆட்டாத" என்றார். அத்தோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவுமில்லை, என்னை எடுக்க விடவுமில்லை. நான்கு வருஷம் ஓடிவிட்டது.

மகள் போன் செய்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. பஸ் வந்து போயிற்று. நான் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பிறகு ஒரு போஸ்ட் கார்டை எடுத்து அவருடைய வில்லியனூர் விலாசத்தை எழுதினேன். "சார், அன்னிக்கு உங்க பேர சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க" என்று ஒரு வரி. அனுப்புநர் இடத்தில் என் பேர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைச் சரிபார்த்தேன். அழுத்தாமல், ஆட்டாமல் குத்தித் தபால் பையில் போட்டேன். உள்ளுக்குள் ஓர் அல்ப ஆசை, அடுத்த வாரம் அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து "இன்னாம்மா இது?" என்று கேட்பார் என்று.

ஒரு வாரம் கழித்துக் கார்டு திரும்பி வந்தது. மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு காரைக்கால் போய்விட்டாள் போல. விலாசத்தின் மேல் கோடு கிழித்து, "பெறுநர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்பவும்" என்று வில்லியனூர்த் தபால்காரர் எழுதியிருந்தார். பக்கத்தில் அவர்கள் முத்திரை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டம் முழுசு. தேதி சரி. எங்கேயும் பேனா படவில்லை.

அந்தக் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன், ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.