பசுக் கெண்டியின் மூடி

பாளையங்கோட்டையில் எந்தத் துரை மாற்றலாகிப் போனாலும், பங்களா வாசலில் சாமான்களை ஏலம் கூவுவது பாபநாசம் பிள்ளைதான். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் தொண்டையைத் திறந்தால் தெருக்கோடியில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். கட்டில், நாற்காலியெல்லாம் நிமிஷத்தில் போய்விடும். கடைசியில் யாரும் சீண்டாமல் கிடப்பது பீங்கான் தேத்தண்ணிக் கெண்டி. அதைக் கூலியில் கழித்துக்கொண்டு தச்சநல்லூர் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்.

சாதாரணக் கெண்டி என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். கிறுக்குப் பிடித்தவன் எவனோ செய்ததாக இருக்க வேண்டும். ஒட்டகம் போல ஒன்று, இரண்டு மூக்கு வைத்தது ஒன்று, புகைக்கூண்டோடு வீடு போல ஒன்று. இத்தனைக்கும் மனுஷன் ஆயுளில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. ஏன் சேர்க்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. குழந்தை இல்லாத வீட்டில் ஏதாவது வந்து சேரட்டுமே என்று நினைத்திருக்கலாம்.

"வெள்ளைக்காரன் புழங்குன சட்டி. அடுக்களைப் பக்கம் வந்துச்சோ, நான் ஆத்துல போய் விழுந்திருவேன்" என்றாள் அவர் மனைவி வடிவம்மாள். எல்லாம் தொழுவத்துப் பரணுக்குப் போயின.

ஒன்று மட்டும் தப்பியது. படுத்திருக்கும் பசு. வால்தான் கைப்பிடி, முதுகில் மூடி, சாய்த்தால் வாயிலிருந்து தண்ணீர் விழும். வடிவம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோயில் கோமுகி மாதிரில்லா இருக்கு. இது இங்கனயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து முற்றத்துச் செம்பருத்திக்கு அதில்தான் தண்ணீர். கல்யாணமான நாளிலிருந்து அவர் கொண்டுவந்த பொருளில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

டில்லி தர்பாருக்கு அடுத்த வருஷம் ஊரில் வாந்திபேதி விழுந்தது. வடிவம்மாள் படுத்தாள். தண்ணீர் காட்டக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். அவளோ தண்ணீர் தண்ணீர் என்று துடித்தாள். தலையைத் தூக்க முடியவில்லை. பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பசுவின் மூடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, நிறைய மொண்டு வந்தார்.

"பைய ஊத்துங்க" என்றாள். பசுவின் வாயை அவள் உதட்டில் வைத்துச் சாய்த்தார். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள். மண்ணால் ஆனதை உடைத்து எறிந்துவிடுவார்கள். அந்த வேலையைப் பார்க்க வள்ளியூரிலிருந்து தங்கை பிரம்மநாயகி வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, உங்க கெண்டியெல்லாம் மண்ணுதானே? என்ன செய்யச் சொல்லுதிய?"

பசுவை மட்டும் விட்டுவிடு, மற்றதையெல்லாம் போட்டு உடை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பிள்ளை வாயைத் திறந்தார். சுற்றிலும் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்டாட்டியை எரித்த சூடு ஆறவில்லை, அதற்குள் கெண்டிக்கு அழுகிறான் என்று நாளைக்கு ஊரெல்லாம் சிரிப்பார்கள். பங்களா அதிரக் கூவுகிறவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உன் இஷ்டம்" என்றார்.

பதினாறு கழிந்து ஊருக்குப் புறப்படும்போது தங்கை அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உசுரா சேத்ததுல்லா! பரண்ல ஒண்ணையும் தொட விடல அண்ணாச்சி. எல்லாரும் ஏசுனாவ, நான் இடங்கொடுக்கல. மதினி வாயில ஊத்துனது மட்டும் தீட்டுல்லா? அதை நானே உடைச்சிட்டேன்."

எவ்வளவு நல்ல மனசு அவளுக்கு!

"நல்லதும்மா" என்றார் பிள்ளை.

வண்டி போனதும் உள்ளே வந்தார். ஜன்னலில் பசுவின் மூடி, வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். பரணிலிருந்து கெண்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, மேலே வைத்துப் பார்த்தார். ஒட்டகத்துக்குப் பெரிதாக இருந்தது. வீடு போன்ற கெண்டிக்குச் சிறிதாகி உள்ளே விழுந்தது. இரண்டு மூக்குக் கெண்டியில் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார், அதிலும் உட்காரவில்லை.

முற்றத்தில் செம்பருத்தி வாடிக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்ற அவர் போகவில்லை.