சொக்கலிங்கண்ணன் அழிக்காத வரி

திருப்பத்தூர் பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு கண்டக்டர் சொன்னான்: "சார், நம்ம கிளார்க்கையா போயிட்டாக. நேத்தே எடுத்தாச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்னிடம் படித்தவன் அவன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு போய் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

ஒக்கூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த யாரும் சொக்கலிங்கண்ணனை மறந்திருக்க முடியாது. வெறும் கிளார்க்தானே என்போம். ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் பயம். காரணம் சேர்க்கைப் பதிவேடு. படிப்பை நிறுத்திய பிள்ளையின் பெயருக்கு நேரே 'விலகிய காரணம்' என்றொரு கட்டம் உண்டு. ஊர் உலகமெல்லாம் அதில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிக் கைகழுவிவிடும். இந்த மனிதர் மட்டும் சைக்கிளில் வீடு தேடிப் போய் விசாரித்து, கேட்டதை அப்படியே எழுதுவார். "குடும்பத்து மேல பழியப் போட்டா நமக்கு வேலை மிச்சம், இல்லையா சார்?" என்பார். தலைமையாசிரியர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அதனால் வண்டி ஓடியது.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்றிருந்த ஒரு மதியம், அந்தப் பதிவேட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். 'மீனாள், ஒன்பதாம் வகுப்பு. கணக்கு ஆசிரியர் வகுப்பில் இழிவாகப் பேசியதால் நின்றுவிட்டாள்.' கணக்கு ஆசிரியர் நான். வேலையில் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிகாரி கண்ணில் அந்த வரி பட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"என்னண்ணே எழுதி வச்சிருக்கீக? என் சோத்துல மண்ணள்ளிப் போடுறீகளே!" என்று கத்தினேன். சத்தியமாக, அன்று அவரை அடித்திருப்பேன். அவர் பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளையக் கூட்டியாந்து பெஞ்சுல உக்கார வைங்க சார். வரியை நானே அடிச்சிர்றேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு."

பள்ளி மணி அடித்ததும் சைக்கிளை மிதித்தேன். இரக்கப்பட்டுப் போகவில்லை; என் வேலைக்காகப் போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது? மீனாளின் தாய் வாசலுக்கு வந்தாள். "அவ காளவாசலுக்குச் செங்கச் சொமக்கப் போயிருக்கா சார். ஒனக்கெதுக்குக் கணக்கு, செங்கல எண்ணத் தெரிஞ்சாப் போதும்னு நீங்கதான் சொன்னீகளாம்." குரலில் குத்தல் இல்லை. வாத்தியார் சொன்னதைக் கேட்டு நடந்ததாகத்தான் சொன்னாள். ஐயோ, அதைச் சொன்னது நான்தான்.

தலையெல்லாம் செம்மண் தூசியோடு மீனாள் வந்தாள். என்னைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினாள். நாளைக்கு வந்துவிடம்மா என்றேன். "எல்லாரும் சிரிச்சாக சார்," என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கத்தான் மனம் துடித்தது, வாய் வரவில்லை. இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

காலையில் அவள் பெஞ்சு காலியாக இருந்தது. பதிவேட்டைப் புரட்டிய அதிகாரியின் விரல் அந்த வரியில் நின்றது. "யாருய்யா இந்தக் கணக்கு வாத்தியார்?" என்று சொக்கலிங்கண்ணனைக் கேட்டு மேசையைத் தட்டினார். "அவுகளே சொல்லுவாக சார்," என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். ஆசிரியர்களோடு நின்றிருந்த நான் முன்னால் வந்தேன். "நான்தான் சார்," என்றேன்.

வேலை போகவில்லை, நிரந்தரமாவது ஓராண்டு தள்ளிப்போனது. அதன்பின் ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால், அண்ணன் சைக்கிளுக்கு முன்னால் என் சைக்கிள் போகும். சிலர் திரும்பி வந்தார்கள். மீனாள் வரவில்லை.

ஓய்வு பெற்ற அன்று அண்ணன் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னை அழைத்தார். "இப்பவாச்சும் அடிச்சிரவா தம்பி?" அதுவரை என்னை அவர் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "வேண்டாம்ணே. அவதான் வரலையே," என்றேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. அந்த ஒரு வரிதான் இருக்கிறது. இன்றும் தப்பான விடையோடு ஒரு பிள்ளை எழுந்து நின்றால், வாயைத் திறக்கும் முன் அதை ஒருமுறை மனதுக்குள் படித்துக்கொள்கிறேன்.